கிழக்கேகோட்டைக்கு இருபது நிமிடம் போதாது: வேன் கூட்டி வரும் அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

நாகர்கோவில், வள்ளியூர், திருநெல்வேலி, தென்காசி, மதுரைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேனும் பஸ்ஸும் பிடித்து ஆட்களைக் கூட்டி வரும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும், அவர்களோடு மைக் பிடித்து வரும் வழிகாட்டிகளுக்கும்,

வணக்கம். களியக்காவிளை, பாறசாலை, சாலைக்கடைத்தெரு வட்டாரத்தில் இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கு, அனந்தபத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள கிழக்கேகோட்டையைத் தமிழில் சுற்றிக் காட்டுவது எங்கள் வேலை. உங்கள் நோட்டீஸ்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது சேர்ந்துவிட்டது.

நீங்கள் போடும் பயணத் திட்டம் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். கன்னியாகுமரியில் சூரிய உதயம், பிறகு சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, மதியம் 'அனந்தபத்மநாபசுவாமி கோயில், 20 நிமிடம்', அப்புறம் மியூசியம், மிருகக்காட்சிசாலை, பொழுது சாயக் கோவளம். தாளில் பார்க்க நன்றாக இருக்கிறது. நடப்பது வேறு. பத்மநாபபுரத்தில் வரிசை நின்று வெளியே வரவே 11 மணி ஆகிவிடும். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நெரிசலில் ஊர்ந்து வந்து கிழக்கேகோட்டையில் வண்டி நிற்கும்போது பன்னிரண்டரை. அதற்குள் நடை சாத்தியிருப்பார்கள். இனி மாலை 5 மணிக்குத்தான். வந்த சனம் கோபுரத்துக்கு முன்னால் ஒரு செல்ஃபி, பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், சாலைக்கடைத்தெருவில் கால் கிலோ நேந்திரங்காய் வறுவல் என்று முடித்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: கிழக்கேகோட்டைக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அதையும் காலையில் ஒதுக்குங்கள். அங்கே நிற்பவற்றில் பலவற்றின் முதல் பாதி உங்கள் மாவட்டத்தில்தான் கிடக்கிறது. அதை எடுத்துச் சொல்லாமல் கோயில் நிலவறைப் பாம்புக் கதையை மட்டும் சொல்லிக் கூட்டிப்போவது வந்தவர்களுக்கு நட்டம்.

முதலில் நேரம். வரிசையைத் தலைகீழாக்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. நாகர்கோவிலிலிருந்து அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் சாலை காலியாக இருக்கும். ஆறரைக்குள் கிழக்கேகோட்டை வந்துவிடலாம். தமிழ்நாட்டு வண்டிக்குக் கேரள பர்மிட்டும் வரியும் முந்தின நாளே கட்டி ரசீதைக் கையில் வைத்திருங்கள். வழியில் மறித்துக் கேட்டால் அங்கே போகும் முக்கால் மணி நேரம் உங்களுடையதல்ல, உங்களை நம்பி வந்தவர்களுடையது. கோட்டை வாசல் முன்னே பெரிய வண்டியை நிறுத்திவைக்க முடியாது. சிட்டி பஸ் அத்தனையும் திரும்பும் இடம் அது. ஆட்களை இறக்கிவிட்டு வண்டியை அப்பால் அனுப்பிவிடுங்கள். இறங்கிய இடத்திலிருந்து கோபுரம் வரை பொடிநடைதான், வயசானவர்களும் நடந்துவிடுவார்கள்.

கோயில் காலையில் தொடர்ச்சியாகத் திறந்திருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பூஜைக்கும், சுவாமி பிரகாரத்தை வலம்வரும் சீவேலிக்கும் நடுவே தரிசனத்தை நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். சாதாரண நாளில், விடிந்த பிறகு கிடைப்பதில் நீளமான நேரம் எட்டரையிலிருந்து பத்து வரை. அதைக் குறிவைத்துப் போங்கள். ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையே வெளியே பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது. திருவிழா நாட்களில் இந்த நேரமெல்லாம் மாறும், முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள்.

உடை விஷயத்தில் இன்னும் தகராறு வருகிறது. ஆண்களுக்கு வேட்டி, மேலே சட்டை கூடாது. பேன்ட்டின் மேல் வேட்டியைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று யாரோ சொல்லிவைக்க, வாசலில் போய்த் திரும்பி வருகிறார்கள். பெண்களுக்குச் சேலை அல்லது முழுப்பாவாடை. சுடிதாரில் வந்தவர்கள் அதன் மேலேயே முண்டு சுற்றிக்கொள்ளலாம். போன், பை, கேமரா எதுவும் உள்ளே போகாது, கட்டணம் கட்டிப் பாதுகாப்பறையில் வைக்க வேண்டும். இதையெல்லாம் வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டால் ஆளுக்கொரு வேட்டி வீட்டிலிருந்தே வந்துவிடும். சொல்லாவிட்டால் வாசலில் விற்கிறவர் சொல்வதுதான் விலை. இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி என்பதையும் பணம் வாங்கும்போதே சொல்லுங்கள், வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள்.

இனி ஆறரை மணிக்கு வருவோம். வெள்ளையடித்த கிழக்கு வாசலின் கீழே ஆட்களை நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: இந்த ஊர் திருவிதாங்கூரின் தலைநகரானது 1795இல், மன்னர் தர்மராஜா காலத்தில். அதற்கு முன்பு தலைநகர் உங்கள் தக்கலைக்குப் பக்கத்துப் பத்மநாபபுரம். அரசு இங்கே வந்தபோது கூடவே எல்லாமும் வந்தன. எதிரே இருக்கும் பழவங்காடி கணபதி, பத்மநாபபுரத்தில் படைவீரர்கள் கும்பிட்ட சாமி. படையோடு இங்கே வந்தார். இன்றைக்கும் அந்தக் கோயிலை நடத்துவது இந்திய ராணுவம். தேங்காய் உடைக்கும் சத்தம் அங்கே ஓய்வதில்லை. நாட்டில் ராணுவம் கட்டிக்காக்கும் பிள்ளையார் எத்தனை பேர் என்று கேளுங்கள், பிள்ளைகள் காது கொடுப்பார்கள்.

பழவங்காடியைத் தாண்டினால் சாலைக்கடைத்தெரு. இதை அமைத்தவர் திவான் ராஜா கேசவதாஸ். ஆலப்புழைத் துறைமுகத்தை உருவாக்கியவரும் அவரே. அவர் பிறந்த ஊர் இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. சாலையில் பாத்திரக்கடை, பலசரக்குக்கடை, பூக்கடை என்று எங்கே நின்றாலும் தமிழ் காதில் விழும். பூ பெரும்பாலும் தோவாளையிலிருந்து விடியுமுன் வருவது. பத்மநாபசுவாமிக்குச் சாத்தும் மாணிக்க மாலையும் தோவாளைக் கைவேலைதான். சிவப்பு அரளி, வெள்ளை அரளி இதழ்களையும் பச்சைக்கு நொச்சி இலையையும் மடித்து மடித்துப் பாய் பின்னுவது போல் தட்டையாகக் கோப்பார்கள். எட்ட நின்று பார்த்தால் கல் பதித்த பட்டை மாதிரி மினுங்கும். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. தோவாளை வழியாகவே வருகிற வண்டியில் இதை ஒருவரும் சொல்லக் காணோம்.

பக்கத்தில் புத்தரிக்கண்டம் மைதானம். கோயிலுக்குப் புத்தரிசி விளைந்த வயல் அது. இப்போது கூட்டம், கண்காட்சி நடக்கிற திடல்.

அடுத்து பத்மதீர்த்தக் குளக்கரை. கோபுரத்தை நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஏழு நிலை, ஏறக்குறைய 100 அடி உயரம், பாண்டிய நாட்டுப் பாணி. மலையாளத்துக் கோயில்களில் ஓட்டுக்கூரையும் தாழ்ந்த நடையுமே வழக்கம். இவ்வளவு உயரத்துக்கு இப்படியொரு கோபுரம் நிற்பதே ஒரு செய்தி. மன்னர் மார்த்தாண்ட வர்மா கட்டியது என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அடித்தளம் போட்டது 1566இல். 1686இல் கோயில் தீக்கிரையானது. மார்த்தாண்ட வர்மா 1729இல் பட்டத்துக்கு வந்து கோயிலைப் புதுப்பித்தார். கோபுர வேலை அவர் காலத்தில் மறுபடி தொடங்கி, அடுத்து வந்த தர்மராஜா காலத்தில் நிறைவுற்றது. ஒரு கோபுரத்துக்குள் இரு நூற்றாண்டு இருக்கிறது.

மார்ச் 20, 21 தேதிகளிலோ செப்டம்பர் 22, 23 தேதிகளிலோ உங்கள் பயணம் அமைந்தால் திட்டத்தையே மாற்றி மாலையில் வாருங்கள். அன்றைக்குச் சூரியன் நேர் மேற்கில் இறங்கும். கோயிலும் நேர் கிழக்கு மேற்காக அமைந்திருப்பதால், கிழக்கே நிற்பவர்களுக்குக் கோபுரத்தின் நடுத்துவாரங்கள் வழியே ஒவ்வொரு நிலையாகச் சூரியன் இறங்கிவருவது தெரியும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. அதையும் முன்பே சொல்லிவிடுங்கள், பிறகு உங்களைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

எட்டரைக்கு உள்ளே. உள்ளே நின்று விளக்கம் சொல்ல நேரமும் கிடையாது, விடவும் மாட்டார்கள். எல்லாவற்றையும் வெளியிலேயே சொல்லி அனுப்புங்கள். முக்கியமாக மூன்று வாசல். பெருமாள் அனந்தன் மேல் பள்ளிகொண்ட கோலம், தலை தெற்கே, கால் வடக்கே. 18 அடி என்பார்கள். முழு உருவமும் ஒரே வாசலில் தெரியாது. முதல் வாசலில் திருமுகமும், சிவலிங்கத்தின் மேல் தொங்கும் வலக்கையும். நடு வாசலில் நாபிக் கமலத்தில் பிரம்மாவும் உற்சவ மூர்த்திகளும். மூன்றாவதில் திருவடி. இது தெரியாமல் போகிறவர்கள் தீபம் எரிகிற நடு வாசலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். வெளியே வந்து 'முகத்தையே பார்க்கலியே' என்று அங்கலாய்க்கிறார்கள். திரும்ப வரிசையில் நிற்க அவர்களுக்கு நேரம் இருக்காது.

மூலவர் கல்லில் வடித்தவரல்ல. கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்கள் 12,008ஐ வைத்து, மேலே கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையைப் பூசி உருவாக்கியது. அதனால்தான் மூலவருக்கு நீர் அபிஷேகம் கிடையாது. பூவைக்கூட மயிற்பீலியால்தான் எடுப்பார்கள். ஆட்கள் 'பாலாபிஷேகம் எத்தனை மணிக்கு' என்று கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். இதே முறையில் அமைந்த இன்னொரு பெருமாள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்: திருவட்டாறு ஆதிகேசவர். அங்கேயும் மூன்று வாசல்தான். ஆனால் அவர் மேற்கு நோக்கியவர், இவர் கிழக்கு நோக்கியவர். இரண்டையும் ஒரே பயணத்தில் காட்ட முடியுமானால் அதைவிடப் பொருத்தமான ஜோடி இந்த வழியில் இல்லை.

சன்னிதி முன்னே இருப்பது ஒற்றைக்கல் மண்டபம். 20 அடிச் சதுரம், இரண்டரை அடி கனம், ஒரே கல். ஊருக்கு வெளியே திருமலையிலிருந்து கொண்டுவந்தது. அதன் மேல் விழுந்து கும்பிடக் கூடாது. நம்மவர்கள் பழக்கத்தில் சாஷ்டாங்கமாக விழப்போய்க் காவலர் அதட்டுவதும் இவர்கள் முகம் சுருங்குவதும் நடக்கிறது. அங்கே விழுவது எதுவானாலும் பெருமாளுக்கு உடைமையாகிவிடும், அரசர் மட்டுமே விழலாம் என்பது மரபு. மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிவைத்துத் தாம் தாசனாக ஆண்ட திருப்படிதானத்தோடு இதைச் சேர்த்துச் சொன்னால் எளிதில் விளங்கும். வெளிப்பிரகாரத்தில் 365¼ தூண் என்பார்கள்; அந்தக் கால் தூணைத் தேடவிட்டுவிடாதீர்கள், கூட்டம் பிரிந்துபோகும்.

நெல்லைக்காரர்களாக இருந்தால் இன்னொன்று. ஆழ்வார்திருநகரி நம்மாழ்வார் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார். 108 திவ்யதேசங்களில் இது ஒன்று. இந்தக் கோபுரம் எழுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே தமிழில் பாடப்பட்ட ஊர்.

இப்போது கோயில் பொக்கிஷம் இருக்கும் அந்த நிலவறை. மைக் பிடித்த முக்கால்வாசிப் பேர் 'பி' அறையில்தான் முழு நேரத்தையும் செலவழிக்கிறீர்கள். நாகபாசம் போட்டுப் பூட்டியிருக்கிறது, கருட மந்திரம் தெரிந்தவர் வந்தால்தான் திறக்கும், உள்ளே கடல் சத்தம் கேட்கும் என்றெல்லாம் சொல்கிறீர்கள். நடந்தது இது: உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2011 ஜூன் இறுதியில் அறைகளைத் திறந்து கணக்கெடுத்தார்கள். 'பி' என்று பெயரிட்டதைத் திறக்கவில்லை. 2020 ஜூலை 13இல் வந்த தீர்ப்பு, கோயில் நிர்வாகத்தில் அரச குடும்பத்துக்கு உள்ள உரிமையை ஏற்றது. அந்த அறையைத் திறப்பதா வேண்டாமா என்பதை நிர்வாகக் குழுவின் முடிவுக்கு விட்டது. இவ்வளவு சொன்னாலே கேட்கிறவர்களுக்கு வாய் பிளக்கும். கூடவே, இந்தக் கோயிலின் வரவு செலவும் சடங்கும் ஓலைச் சுருணைகளில் எழுதி வைக்கப்பட்டவை, மதிலகம் ஆவணங்கள் என்று அவற்றுக்குப் பேர் என்பதையும் சொல்லுங்கள். பொன்னை எண்ணி ஓலையில் எழுதிவைத்த ஊரைப் பாம்பு காத்த ஊராக்கிவிட்டோம்.

பத்தேகாலுக்கு வெளியே வந்தால் குதிரமாளிகை. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1840களில் கட்டியது. கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களில் 122 குதிரைகள், அதனால்தான் அந்தப் பேர். உள்ளே போனதும் எல்லாரும் சிம்மாசனத்தைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் தலையை மேலே தூக்கச் சொல்லுங்கள், தச்சர் வேலை மச்சிலும் உத்தரத்திலும் இருக்கிறது. காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை, பிறகு மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள்.

இந்த மாளிகையில் வைத்துத் தஞ்சாவூர் வடிவேலுவைப் பற்றிச் சொல்லாமல் விடாதீர்கள். தஞ்சை நால்வரில் ஒருவர், சுவாதித் திருநாள் சபைக்கு வந்தவர். கர்நாடக இசையில் வயலினை நிலைபெறச் செய்தவர்களில் முன்னால் நிற்பவர். 1834இல் மன்னர் அவருக்குத் தந்தத்தால் இழைத்த வயலினைப் பரிசளித்தார். இந்த அரசவையில் தமிழும் மலையாளமும் தெலுங்கும் சமஸ்கிருதமும் ஒரே பாயில் உட்கார்ந்தன.

12 மணிக்கு முன்பாக மேத்தன் மணிக்குக் கீழே வந்துவிடுங்கள். பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி கருவேலப்புர மாளிகையின் மேலே இருக்கும் பழைய கடிகாரம். மணி அடிக்கும்போது தாடிக்கார முகம் வாயைத் திறக்கும், இரண்டு பக்கத்து ஆட்டுக்கடாக்களும் வந்து கன்னத்தில் முட்டும். சில நொடி வேலைதான். 'மணி ஆயிற்று, பாருங்கள்' என்று சொல்வதற்குள் முடிந்துவிடும். இரண்டு நிமிடம் முந்தியே நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். அந்த முகத்தை வைத்து மதக் கேலி பேசும் வழிகாட்டிகளும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், பக்கத்தில் நிற்கிறவருக்கும் தமிழ் தெரியும்.

சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் இருந்தால் வண்டியிலேயே எம்.ஜி. ரோட்டில் நேரே வடக்கே ஒரு சுற்று. 1869இல் திறந்த தலைமைச் செயலகம், அதன் முன்னே தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாய் சிலை, எதிரே கும்பகோணத்துக்காரரான திவான் மாதவராவ் சிலை. அந்த ஜங்ஷனுக்கே ஸ்டாச்யூ என்று பேர் வந்தது மாதவராவால். அடுத்து பாளையம்: பள்ளிவாசல், தேவாலயம், கணபதி கோயில் மூன்றும் அருகருகே, நடுவில் 1957இல் எழுப்பிய தியாகிகள் தூண். இறங்கத் தேவையில்லை.

நவராத்திரிக்கு வருகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது பார்க்க வேண்டியது கிழக்கேகோட்டை மட்டுமல்ல, வழி முழுவதும்தான். பத்மநாபபுரம் உப்பரிகை மாளிகையில் உடைவாளை மாற்றிக் கொடுத்த பிறகு, தேவாரக்கெட்டு சரஸ்வதி யானை மேல் ஏறுவாள். கம்பர் பூசித்த சரஸ்வதி என்பது அந்த ஊர் நம்பிக்கை. வேளிமலை குமாரசாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். முதல் நாள் குழித்துறையில் தங்கல், மறுநாள் களியக்காவிளையில் இரு மாநிலப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்ய எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் மாலை கிழக்கேகோட்டை. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்கு, குமாரசாமி ஆரியசாலைக்கு, நங்கை செந்திட்டைக்கு. அந்த மூன்று நாளும் நெடுஞ்சாலையில் வண்டி நகராது. திட்டமிடாதவர்கள் சாமியைத் திட்டுகிறார்கள். ஊர்வலம் களியக்காவிளை வருமுன்பே தாண்டிவிடுங்கள், அல்லது அங்கேயே இறங்கி நின்று பாருங்கள்.

ஒன்பது நாள் மாலையும் மண்டபத்தில் சுவாதித் திருநாள் கிருதிகளே பிரதானம். அது கச்சேரி என்பதைவிட அம்மனுக்குச் செய்யும் ஆராதனை, கைதட்டும் வழக்கமில்லை. அங்கே பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த நெடுங்கால வழக்கம் 2006இல் உடைந்தது. உடைத்தவர் பாறசாலை பொன்னம்மாள், எல்லையோரத்து நம்ம ஊர்க்காரர்.

இரண்டு நாட்களில் வேனே எடுக்காதீர்கள். ஒன்று, மாசியில் வரும் ஆற்றுக்கால் பொங்கல். கண்ணகியாகவே பலரும் கும்பிடும் அம்மன். அன்று கிழக்கேகோட்டை முழுக்கச் செங்கல் அடுப்பு. 2009இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. பொங்கலிட வருகிற பெண்கள் முந்தின நாளே ரயிலில் வந்து இடம் பிடிக்க வேண்டும். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அன்று கால் வைக்க இடமில்லை. இன்னொன்று, சாமி கடலில் நீராடும் ஆறாட்டு. ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்துப் பத்து நாள் திருவிழா, கடைசி நாள் சங்குமுகம் கடற்கரைக்கு ஊர்வலம். விமான நிலைய ஓடுபாதை வழியாகவே சாமி போவார், அதற்காக விமானங்களைச் சில மணி நேரம் நிறுத்துவார்கள். நடந்து வந்தால் கண்கொள்ளாக் காட்சி. வேனில் வந்தால் பின்னிரவு வரை மாட்டிக்கொள்வீர்கள். பங்குனித் திருவிழா நடக்கும் மற்ற நாட்களில் தாராளமாக வாருங்கள். கிழக்கு நடையில் ஆளுயரத்தைப் போலப் பல மடங்கில் பாண்டவர் உருவங்களை நிறுத்தியிருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கடைசியாக, திங்கட்கிழமை. ஞாயிறு கல்யாணம், திங்கள் சுற்றுலா என்று வருகிற வண்டிகள் ஏராளம். திங்களன்று பத்மநாபபுரம் அரண்மனை விடுமுறை, குதிரமாளிகை விடுமுறை, மியூசியம் விடுமுறை, மிருகக்காட்சிசாலையும் விடுமுறை. நான்குக்கும் காசு வாங்கிக்கொண்டு நான்கு பூட்டைக் காட்டுவது வியாபாரத்துக்கு நல்லதில்லை. புதன்கிழமை மியூசியம் பிற்பகலில்தான் திறக்கும். செவ்வாய் அல்லது வியாழன் வைத்துக்கொண்டு நோட்டீஸில் இப்படிப் போட்டுப்பாருங்கள்:

'காலை 4 நாகர்கோவில். 6.30 கிழக்கேகோட்டை, பழவங்காடி, சாலை, பத்மதீர்த்தம். 8.30 பத்மநாபசுவாமி தரிசனம். 10.15 குதிரமாளிகை. 12 மேத்தன் மணி, சாப்பாடு. 1 மணிக்குத் திரும்பல். 3 மணி பத்மநாபபுரம் அரண்மனை (4.30க்கு மூடப்படும்). மாலை திருவட்டாறு. வேட்டி, முண்டு அவரவர் கொண்டுவரவும்.'

இப்படிக்கு,
களியக்காவிளை, பாறசாலை, சாலைக்கடைத்தெருத் தமிழ் வழிகாட்டிகள்